நகர நெருக்கடியும் நிவாரணமும்: ஓர் எளிய விளக்கம்

கூடாரம் அடிக்க முதலில் மண் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கென ஐ.நா. அகதிகள் அமைப்பு வைத்திருக்கும் கூடாரத்தின் உள்தரை 16 சதுர மீட்டர். இரு முனைகளிலும் உள்ள முன்கூடங்களைச் சேர்த்தால் அது 23 சதுர மீட்டர் ஆகும். கயிறுகளை இழுத்துக் கட்ட அதற்கும் வெளியே நான்கு பக்கமும் இடம் விடவேண்டும். முளை இறங்கும் அளவுக்குத் தரை இளகியிருக்கவும் வேண்டும். திறந்த வெளியில் இவையெல்லாம் கேட்காமலே கிடைத்துவிடும். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் நகரத்திலோ, பேரிடருக்குப் பின் இடிபாடு இல்லாத தரை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அது சிமென்ட் தரையாகவோ தார்ச்சாலையாகவோ இருக்கும். இரண்டும் இல்லையென்றால், அந்த மனைக்கு ஓர் உரிமையாளர் இருப்பார், அவர் சில வாரங்களில் வந்து காலி செய்யச் சொல்வார்.

இந்த ஒரு சிக்கலை மனத்தில் வைத்துக்கொண்டால், நகரங்களுக்கு ஏற்ப மனிதாபிமான உதவியை மாற்றியமைப்பது பற்றி நிவாரணத் துறையினர் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். முகாம் என்பது வெற்று நிலத்தில் புதிதாக எழுப்பப்படும் ஒரு சிற்றுலகம். அங்கே குடிநீர்க் குழாய் முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றையும் உதவி செய்ய வந்தவர்களே அமைக்கிறார்கள். நகரத்தில் இவை அனைத்தும் முன்பே இருந்தன. ஒரு நிலநடுக்கத்திலோ போரிலோ அவற்றில் சில அறுந்துபோயின. ஆகவே முகாமில் "என்ன கொடுக்கலாம்?" என்று தொடங்கும் வேலை, நகரத்தில் "இங்கே எது இயங்கிக்கொண்டிருந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது?" என்று தொடங்க வேண்டியிருக்கிறது.

கிராமப்புறப் பஞ்சங்களையும் எல்லை தாண்டி வந்த அகதிகளையும் எதிர்கொண்டுதான் இன்றைய நிவாரண முறைகள் பெரும்பாலும் உருவாயின. ஆனால் மக்கள் நகரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டார்கள். ஐ.நா.வின் 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலக மக்களில் 55 விழுக்காட்டினர் நகரவாசிகள். 2050இல் இது 68 விழுக்காடாகும் என்று அதே கணக்கு மதிப்பிடுகிறது. அகதிகளிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் முகாம்களில் அல்ல, நகரங்களில்தான் வாழ்கிறார்கள். ஜோர்டானின் ஸாத்தாரி முகாமின் படங்களை நாம் அடிக்கடி பார்த்திருப்போம். அந்நாட்டிலுள்ள சிரிய அகதிகளில் ஐந்தில் நான்கு பங்கினர், எந்தப் படத்திலும் வராமல், ஊர்களிலும் நகரங்களிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். லெபனானில் சிரியர்களுக்கென்று அரசு முறையான முகாம்களை அமைக்கவே இல்லை. அகதி நகரத்தில் வாழ்வதும் முறையானதே என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு தன் கொள்கையில் தெளிவாக ஏற்றுக்கொண்டது 2009இல்தான். முகாமுக்கு மாற்று வழிகளையே முதலில் தேட வேண்டும் என்ற கொள்கை 2014இல் வந்தது. மக்கள் முன்னே போய்விட, விதிகள் பின்னால் நடந்து வந்தன என்றே இதைக் கொள்ளவேண்டும்.

போர்ட்-ஓ-பிரின்ஸ் கற்றுத்தந்தது

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸை 7.0 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. வீடிழந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் சதுக்கங்களிலும் பள்ளி மைதானங்களிலும் ஒரு கோல்ஃப் மைதானத்திலும் தங்கினார்கள். ஒரு கட்டத்தில் இப்படிப்பட்ட தங்குமிடங்களின் எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியது. நகரத்தில் குவிந்து கிடந்த இடிபாடு ஏறத்தாழ 1 கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். தெருக்கள் குறுகலானவை, குடிசைப் பகுதிகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக நின்றவை, லாரி நுழையாத இடங்களில் கைகளாலும் வாளிகளாலும்தான் கற்களை அள்ளவேண்டியிருந்தது. இடிபாட்டை அகற்றாமல் வீடு கட்ட முடியாது, கொட்டுவதற்கு இடம் இல்லாமல் இடிபாட்டை அகற்ற முடியாது, அந்த மனை யாருடையது என்று தெரியாமல் கல்லைத் தொடவே தயக்கம் என்று ஒவ்வொரு முடிச்சும் மற்றொன்றில் சிக்கியிருந்தது.

நிவாரண அமைப்புகள் தாம் அறிந்ததைச் செய்தன. கூடாரங்களும் தார்ப்பாய்களும் கொடுத்தன. பிறகு மரச்சட்டம் வைத்த தற்காலிக வீடுகளைக் கட்டின. ஆனால் நகரவாசிகளில் பெரும்பகுதியினர் வாடகைக்கு இருந்தவர்கள். தற்காலிக வீடு ஒன்றைக் கட்டித் தருகிறோம் என்று சொன்னால், சொந்த மனை வைத்திருப்பவர் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்வார். வாடகைக்காரர் அதை எந்த நிலத்தில் நிறுத்துவார்? ஒரே தெருவில், ஒரே இரவில், ஒரே அளவு இழப்பைச் சந்தித்த இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு மட்டும் கூரை கிடைத்ததற்குக் காரணம் நிலப்பத்திரம். கிராமப்புறத்திலும் நிலச் சிக்கல் உண்டு என்றாலும், நகரத்தில் அது எல்லா வேலைகளுக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

இதிலிருந்துதான் வாடகை உதவி என்ற வழி பிறந்தது. ஓர் ஆண்டு வாடகைக்காகக் குடும்பத்துக்கு 500 அமெரிக்க டாலர் தருவது, வீட்டை அவர்களே தேடிக்கொள்வது, அந்த வீடு பாதுகாப்பானதா என்று பார்த்த பிறகு வீட்டுக்காரருக்குப் பணம் செல்வது என்பது அதன் நடைமுறை. பேரம் பேசி வாடகையைக் குறைத்துக்கொண்டால் மிச்சம் குடும்பத்துக்கே. வீட்டுக்காரர்களில் பலர் வரப்போகும் வாடகையை நம்பிச் சிதைந்த அறைகளைச் சீர்செய்தார்கள்; இதனால் நகரத்தில் குடியிருக்கத்தக்க அறைகள் கூடின. கூடாரம் கொடுப்பவருக்குத் தோன்றாத இந்த வழி, நகரத்தில் வீடு என்பது எப்படிக் கைமாறுகிறது என்பதைக் கவனித்தவருக்குத் தோன்றியது. இதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: ஆண்டு முடிந்ததும் அடுத்த வாடகையை யார் கொடுப்பது என்ற கேள்வி, வருமானம் இல்லாத குடும்பத்தின் முன் அப்படியே வந்து நின்றது. வீட்டு உதவியையும் பிழைப்புக்கான உதவியையும் தனித்தனித் துறைகளாக வைத்துக்கொண்டு நகரத்தில் வேலை செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஹெய்ட்டியில் நடந்த இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. நிவாரணத்தை ஒருங்கிணைக்கும் கூட்டங்கள் தொடக்க மாதங்களில் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்தில், காவல் இருக்கும் வாயிலுக்கு உள்ளே, பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. ஊர் மக்கள் பேசுவது கிரியோல். அந்தத் தெருக்களை ஒவ்வொன்றாக அறிந்த உள்ளூர்ச் சங்கத்தினரும் நகராட்சிக்காரர்களும் வாயிலைத் தாண்டுவதே கடினமாக இருந்தது. தாண்டியவர்களுக்கும் உள்ளே பேசியது எளிதில் விளங்கவில்லை. நகரம் என்பது ஏற்கெனவே ஓர் ஆட்சியமைப்பு உள்ள இடம். மேயர், குடிநீர் வாரியம், மின்வாரியப் பொறியாளர், சந்தைச் சங்கத் தலைவர் என ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருக்கும் ஊரில், வெளியிலிருந்து வந்தவர்கள் தனி நிர்வாகம் ஒன்றை நிறுவுவது உதவியைத் தாமதப்படுத்துவதோடு, நாளைக்கு ஊரை நடத்த வேண்டியவர்களைப் பலவீனப்படுத்தியும் விடுகிறது.

ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால்

நகரச் சேவைகள் எப்படி அறுபடுகின்றன என்பதைத் தண்ணீரை வைத்து நெருங்கிப் பார்க்கலாம். சிரியாவின் அலெப்போ நகரத்துக்குத் தண்ணீர் யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து நெடுந்தூரம் குழாயில் வருகிறது. வரும் நீரைச் சுத்திகரிக்கவும் மேடான பகுதிகளுக்கு ஏற்றவும் மின்சாரம் வேண்டும். உள்நாட்டுப் போரில் நகரின் கிழக்குப் பகுதி கிளர்ச்சியாளர்கள் கையிலும் மேற்குப் பகுதி அரசின் கையிலும் இருந்தன. 2016 செப்டம்பரில், கிழக்குப் பகுதிக்குத் தண்ணீர் அனுப்பிய பாப் அல்-நைரப் நீரேற்று நிலையம் தாக்குதலில் சேதமடைந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேருக்குத் தண்ணீர் நின்றது. அதற்குப் பதிலடியாக, அதே கிழக்குப் பகுதியில் இருந்த சுலைமான் அல்-ஹலபி நிலையம் நிறுத்தப்பட்டது. மேற்குப் பகுதியில் 15 லட்சம் பேரின் குழாய்கள் வறண்டன. போர்முனை நகரத்தை இரண்டாகப் பிரித்திருந்தது, குழாய்ப்பாதை பிரிக்கவில்லை. இரு தரப்பும் ஒரே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட நிலையில் லாரிகளில் தண்ணீர் கொண்டுபோவது தேவைதான். ஆனால் இலட்சக்கணக்கானோருக்கு லாரித் தண்ணீர் ஒருநாளும் போதாது. நிலையத்தை மீண்டும் ஓடவைப்பதே உண்மையான நிவாரணம். அதற்கு மூன்று விதமான தேவைகள் உண்டு என்று பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 2015இல் வெளியிட்ட அறிக்கை விளக்குகிறது. முதலாவது ஆட்கள்: பம்பை இயக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஊழியர்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கவேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வரவேண்டும், வேலைக்குப் போகும் வழியில் உயிருக்கு ஆபத்து இருக்கக்கூடாது. இரண்டாவது கட்டுமானமும் இயந்திரங்களும். மூன்றாவது அன்றாடம் செலவாகும் பொருள்கள்: டீசல், குளோரின், உதிரி பாகங்கள். மூன்றில் எது இல்லாவிட்டாலும் குழாயில் நீர் வராது. குண்டு விழாத ஒரு நிலையம்கூட, குளோரின் தீர்ந்ததாலோ பொறியாளர் குடும்பத்தோடு வெளியேறியதாலோ மெல்ல மெல்லச் செயலிழந்துபோகும். நீண்ட போர்களில் நகரங்கள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு நாள் சேதம் அடுத்த நாள் சேதத்தின் மேல் ஏறிக்கொண்டே போகிறது.

தண்ணீர் நின்றால் அதோடு முடிவதில்லை. மருத்துவமனை அறுவைக் கூடத்தை மூடுகிறது, அடுக்குமாடிக் கழிப்பறைகள் அடைத்துக்கொள்கின்றன, கழிவுநீர் தெருவுக்கு வருகிறது, அதிலிருந்து நோய் பரவுகிறது. ஆகவே நகரத்தில் சில சமயம் நிவாரணப் பணியின் மிகச் சிறந்த வடிவம், பயனாளியின் கையில் எதையும் கொடுக்காமல், ஒரு மின்மாற்றியைச் சீர்செய்து கொடுப்பதாக இருக்கும். நன்கொடை கொடுத்தவருக்குக் காட்டப் படம் எடுக்க முடியாத வேலை அது. அதனாலேயே அதற்குப் பணம் திரட்டுவது கடினமாக இருக்கிறது என்பது என் கருத்து.

அளவுகோல்களையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, முகாமாக இருந்தால் பாதை, பள்ளி எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு 45 சதுர மீட்டர் நிலம் என்று வகுக்கிறது. இடநெருக்கடி மிகுந்த நகரத்தில் அந்த 45 சதுர மீட்டருக்கு வழியே இல்லை. தண்ணீரிலோ நிலைமை தலைகீழ்: தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையும் மூடிய சாக்கடையும் உள்ள வீட்டில் 15 லிட்டர் போதாது. நடுத்தர வருமானமுள்ள நகரச் சூழலில் 50 லிட்டரே ஏற்கத்தக்க குறைந்தபட்சமாக இருக்கக்கூடும் என்று 2018ஆம் ஆண்டுப் பதிப்பு குறிப்பிடுகிறது. தரம் என்பது எண்ணில் இல்லை, அந்த எண் காக்க வந்த நோக்கத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர்களால்தான் கையேட்டை நகரத்தில் பயன்படுத்த முடியும்.

அரிசி மூட்டையா, பணமா

நகரவாசி தனக்கு வேண்டிய ஏறக்குறைய எல்லாவற்றையும் விலைகொடுத்தே வாங்குகிறார். தண்ணீர், விறகு, கழிப்பறைக்குச் செல்வது, தலைக்கு மேல் கூரை என எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். விளைந்ததை உண்ணும் வழி அவருக்கு இல்லை. வேலை போன மறுவாரமே பட்டினி வந்துவிடும். அதே சமயம், பேரிடருக்குச் சில நாள்களிலேயே நகரச் சந்தைகள் மீண்டும் திறந்துகொள்கின்றன. பொருள் இருக்கிறது, வாங்கப் பணம் இல்லை என்ற நிலையில் வெளியூரிலிருந்து மூட்டைகளைக் கொண்டுவந்து இலவசமாகக் கொட்டினால், அந்தத் தெருவில் தட்டுத் தடுமாறிக் கடையைத் திறந்தவரும் சேர்ந்து வீழ்வார். ஹெய்ட்டியில் இலவசத் தண்ணீர் ஓடியபோது, அதுவரை குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்கள் என்ன ஆவார்கள் என்ற கவலை எழுந்தது.

அதனால் நகரங்களில் பணமாகவே உதவுவது பெருகியிருக்கிறது. கென்யாவின் நைரோபியில், 2008, 2009 ஆண்டுகளில் உணவு விலை ஏறிக் குடிசைப் பகுதிகள் தவித்தபோது, 2007இல்தான் தொடங்கியிருந்த எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாகக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை அனுப்பினார்கள். ஜோர்டானில் வங்கியின் ஏ.டி.எம். முன் நின்று கருவிழியைக் காட்டினால் அகதிக்குரிய பணம் வெளியே வரும். அட்டையும் இல்லை, இரகசிய எண்ணும் இல்லை. வரிசையில் நிற்பதைத் தெருவே பார்க்கும் அவமானம் இல்லாமல், பிள்ளையின் மருந்துக்கா வாடகைக்கா என்று தாயே முடிவெடுக்கும் மதிப்பை இது தருகிறது. சந்தையே உடைந்துபோன இடத்திலும், முற்றுகைக்குள் பொருளே வராத நகரத்திலும் பணம் பயன்படாது. அங்கே மூட்டைதான் வேண்டும். கருவிழிப் பதிவு யாருடைய கையில் இருக்கிறது, நாளை அது எதற்குப் பயன்படும் என்ற கேள்வியையும் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். முகாமில் ஒவ்வொரு கூடாரத்துக்கும் எண் உண்டு. நகரத்தில் இடம்பெயர்ந்தவர்கள் உறவினர் வீட்டுப் பின்னறையிலும் கட்டி முடிக்காத கட்டடங்களிலும் கலந்து வாழ்கிறார்கள். அடையாள ஆவணம் இல்லாதவர்கள் வேண்டுமென்றே கண்ணில் படாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த குடும்பமும் ஏழைக் குடும்பமே. இவர்களில் அகதியை மட்டும் பொறுக்கி எடுத்து உதவினால், ஒரே குழாயடியில் நிற்கும் இரண்டு ஏழைகளுக்கு இடையே பகை மூளும். இதற்கு விடையாகத்தான் பகுதி சார்ந்த அணுகுமுறை என்று ஒன்றைச் சொல்கிறார்கள். நபர்களைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே நெடுநாளாக இருப்பவர், புதிதாக வந்தவர் எல்லோருக்குமாகத் தண்ணீர், வீடு, மருத்துவம், பிழைப்பு ஆகியவற்றை ஒன்றாகக் கவனிப்பதே அது. கேட்பதற்கு எளிது. ஆனால் பணம் தருபவர்கள் தண்ணீருக்குத் தனியாக, உணவுக்குத் தனியாக, அகதிகளுக்குத் தனியாகத் தருவதால் நடைமுறையில் இது அடிக்கடி தடுமாறுகிறது.

அக்கம்பக்கத்தார்

1995 ஜனவரி 17 அதிகாலையில் ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் சிதைத்தது. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர்கள் மீட்புப் படையினர் அல்லர், வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமே. ஒரு வீட்டுப் பாட்டி எந்த அறையில் தூங்குவார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். பின்னர் தற்காலிக வீடுகள் வந்தபோது அவற்றைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், முதியவர்களுக்கு முன்னுரிமையும் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவுதான். ஆனால் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் நகரத்தின் வெவ்வேறு மூலைகளுக்குச் சிதறினார்கள்; முன்பின் அறியாத வீட்டு வரிசைகளில் முதியவர்கள் தனித்துவிடப்பட்டார்கள். தற்காலிகக் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர், அருகில் யாரும் இல்லாமல் தனிமையில் இறந்தார்கள். 2004இல் நிகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்தே குடியமர்த்த முயன்றதற்கு இந்த இழப்பே காரணம்.

நம்பிக்கை உடைந்தால் நோய்த் தடுப்புகூடச் சிதைந்துவிடும். 2014 ஆகஸ்டில் எபோலா பரவியபோது, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதி முழுவதையும் ஆயுதம் தாங்கிய படையினரைக் கொண்டு அடைத்தார்கள். அன்றாடம் வெளியே போய்ச் சம்பாதித்துத் தண்ணீரும் உணவும் வாங்கும் பல்லாயிரம் மக்களை அடைத்ததும் கலவரம் வெடித்தது, ஒரு சிறுவன் உயிரிழந்தான், பத்து நாள்களில் அடைப்பை விலக்க வேண்டியதாயிற்று. நோயைப் பற்றித் தெருவுக்குத் தெரு பேசி, நோயாளிகளைக் கண்டறிந்து கொண்டுவரும் வேலையில் பகுதி மக்களே இறங்கியதுதான் பின்னர் பலன் தந்தது.

மெக்சிகோ நகரம் இதற்கெல்லாம் முன்பே ஒரு வழியைக் காட்டியிருந்தது. 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் நகரின் மையத்தில் இருந்த பழைய வாடகைக் குடியிருப்புகள் விழுந்தன. தூரத்துப் புறநகருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சிய வாடகைக்காரர்கள், தங்கள் தெருவைவிட்டுப் போகமாட்டோம் என்று சங்கமாகத் திரண்டு போராடினார்கள். அடுத்த மாதமே அரசு அப்படிப்பட்ட மனைகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவற்றை உரிமையாளர்களிடமிருந்து கையகப்படுத்தியது. கட்டுமானம் நடக்கும் வரை குடும்பங்கள் பக்கத்துத் தெருக்களில் போடப்பட்ட தகரக் கொட்டகைகளிலோ வாடகை உதவி பெற்று அருகிலேயோ தங்கின. வேலைக்கும் பள்ளிக்கும் முன்பு நடந்த வழியிலேயே போய்வந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் 40,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாலும் அதே மனைகளில், புதிதாகக் கட்டப்பட்டோ பழுது பார்க்கப்பட்டோ எழுந்தன. வாடகைக்காரராக வெளியே வந்தவர்கள், தாங்கக்கூடிய தவணைக் கடனில், அவற்றுக்குச் சொந்தக்காரர்களாகத் திரும்பிக் குடிபுகுந்தார்கள்.